பிள்ளை கையில சால்டரிங் அயர்ன்: எதுக்குப் பயப்படணும், எதுக்கு வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கிட்டு உட்காருங்க. மருத்துவமும் இருக்கு, என் வீட்டுக் கதையும் இருக்கு.

போன வருஷம் என் மகளோட ஸ்கூல்ல சயின்ஸ் எக்ஸிபிஷன். அவ எட்டாம் வகுப்பு. அந்த வாரம் முழுக்க ஓ.பி.யில காய்ச்சல் கூட்டம். வீட்டுக்கு வந்தா சாப்பிட்டுப் படுக்கத்தான் தெம்பு இருந்தது. "அம்மா, பிராஜெக்ட்"னு மூணு நாள் கேட்டா. நாலாவது நாள் நான் ஒரு கடைக்கு போன் போட்டு, ரெடிமேடா ஒரு 'ஸ்மார்ட் டஸ்ட்பின்' வாங்கிக் கொடுத்துட்டேன். கையை நீட்டினா மூடி தானாத் திறக்கும். 1,800 ரூபாய். கூடவே சார்ட் பேப்பரும், மனப்பாடம் பண்ண ஒரு பக்கப் பேச்சும் கொடுத்தாங்க.

ஜட்ஜா வந்தவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கை பக்கத்துல வந்திருக்குன்னு இதுக்கு எப்படிம்மா தெரியுது?" அந்த ஒரு பக்கத்துல அந்த வரி இல்ல. அப்படியே நின்னுட்டா.

அந்த டப்பா முன்னாடி ரெண்டு கண்ணு மாதிரி இருக்குமே, அது அல்ட்ராசவுண்ட் சென்சார். ஒரு கண் நம்ம காதுக்குக் கேக்காத ஒலியை அனுப்பும். கையில பட்டுத் திரும்புற எதிரொலியை இன்னொரு கண் வாங்கும். போய் வர ஆன நேரத்தை வெச்சு தூரத்தைக் கணக்குப் போடும். வயித்து ஸ்கேனுக்கும் அடிப்படை இதேதான். தினமும் ஸ்கேன் ரிப்போர்ட் பாக்குற அம்மாவுக்கு, அதை மகளுக்குச் சொல்ல ரெண்டு நிமிஷம் இல்லாமப் போச்சு. வீட்டுக்கு வந்தவ அழவெல்லாம் இல்ல. அந்த டஸ்ட்பின்னைக் கொண்டுபோய் சமையல்கட்டுக் குப்பைக்கூடை பக்கத்துல வெச்சுட்டு, "இதையும் யூஸ் பண்ணிக்கோம்மா"ன்னு சொல்லிட்டு ரூமுக்குப் போயிட்டா.

ஆக, தப்பு பண்ணினவளாத்தான் இதை எழுதறேன். ரெடிமேட் பிராஜெக்ட் வாங்கிக் கொடுக்கறதை நிறுத்துங்க. அதுல பாதிக் காசுக்கும் குறைவா, உதிரி உதிரியா ஒரு மைக்ரோகன்ட்ரோலர் கிட் கிடைக்கும். அதை வாங்கிப் பிள்ளை கையில கொடுங்க. சால்டர் பண்றதையும் அவங்களே பண்ணட்டும்.

இதைச் சொன்னதும் என் சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல வந்த கேள்விகள்: "ஷாக் அடிச்சா?", "சூடு பட்டா?", "ஈயப் புகை கேன்சராமே?", "டாக்டரா இருந்துக்கிட்டு நீயே இப்படிச் சொல்லலாமா?" பயப்படறது தப்பே இல்ல. ஆனா பயத்தைத் தப்பான இடத்துல வெச்சுட்டு, நிஜமா பயப்பட வேண்டிய இடத்துல கோட்டை விடறோம். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல, கிட்னா என்ன? நாங்க வாங்கினதுல இருந்தது இவ்வளவுதான்: ஓட்டை போட்ட ஒரு பச்சை போர்டு. 28 கால் இருக்கற ஒரு ஐ.சி., பேரு ஏ.டி.மெகா 328பி. அது உட்கார ஒரு சாக்கெட். 9 வோல்ட்டை 5 வோல்ட்டாக் குறைக்க 7805ன்னு ஒரு மூணு கால் ஆசாமி. தகர டப்பா மாதிரி ஒரு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ரெண்டு எல்.இ.டி., ஒரு பட்டன்.

அர்டுயினோன்னு பிள்ளைங்க சொல்வாங்களே, 2005ல இத்தாலியில இவ்ரேயாங்கற ஊர்ல டிசைன் படிக்கற மாணவர்களுக்காக ஆரம்பிச்சது, அதோட 'ஊனோ' போர்டுல இருக்கறதும் இதே சிப்தான். சிப்போட குடும்பத்துக்கு அடிப்படை போட்டவங்க நார்வேயில ட்ராண்ட்ஹைம் நகரத்துல படிச்ச ரெண்டு மாணவர்கள். புரோகிராம் வைக்கற மெமரி 32 கிலோபைட். உங்க போன்ல ஒரு போட்டோவுக்கே அது பத்தாது. ஆனா ஒரு டிராஃபிக் சிக்னலை ஓட்ட அது ஏகப்பட்டது.

"ரெடியா சால்டர் பண்ணின போர்டே கிட்டை விட சீப்பாக் கிடைக்குதே, எதுக்கு வெட்டியா?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. காசுக் கணக்குப் பார்த்தா கிட் நஷ்டம்தான். இதைப் பண்ணினா பிள்ளை ஐ.ஐ.டி. போயிடும்னு நான் சொல்லவும் மாட்டேன். கிட்டுல கிடைக்கிறது வேற: நாம கையால செஞ்ச ஒண்ணு வேலை செய்யாமப் போறதும், ஏன் செய்யலன்னு நாமளே தேடறதும். டாக்டருக்குப் படிச்சப்ப எனக்கு அது கிடைக்க நாலு வருஷம் ஆச்சு. இவளுக்கு ஒரு வாரத்துல கிடைச்சது. எப்படின்னு கீழே சொல்றேன்.

எனக்கு சால்டரிங் எப்படித் தெரியும்? எங்க சித்தப்பா டி.வி. மெக்கானிக். 1990கள்ல எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு கடை. சாலிடேர், டயனோரான்னு முதுகைத் திறந்து போட்ட டி.வி.ங்க நடுவுல சித்தப்பா உட்கார்ந்திருப்பார். ஸ்கூல் விட்டதும் நான் நேரா அங்கதான் போவேன். அவருக்கு மூணாவது கை வேணுங்கறப்ப ஈயக்கம்பியைப் பல்லுல கடிச்சுக்குவார். எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான். புகை மூக்குக்கு நேரா ஏறும். அந்த வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், சாம்பிராணி மாதிரி இருக்கும்.

சித்தப்பாவுக்கு இருமல். சாயங்காலமானா ஆரம்பிக்கும், ராத்திரியில இழுக்கும். சளி டெஸ்ட் எத்தனை தடவை எடுத்தாங்கன்னு கணக்கே இல்ல. டி.பி. இல்ல. சிகரெட் பழக்கமும் கிடையாது. "தூசி அலர்ஜி"ன்னு சிரப் கொடுத்து அனுப்பிட்டாங்க. ஞாயித்துக்கிழமை கடை லீவு. அன்னைக்கு மட்டும் நல்லா இருப்பார். "லீவுன்னா சீக்கு கூட லீவு எடுத்துக்குது பாரு பாப்பா"ன்னு சிரிப்பார். அந்த வாக்கியத்துலயே டயக்னோசிஸ் இருந்தது. பதினஞ்சு வருஷம் யார் காதுலயும் விழல.

எம்.டி. படிக்கறப்பதான் எனக்குப் புரிஞ்சது. சால்டர் கம்பி நடுவுல ஃப்ளக்ஸ்னு ஒண்ணு இருக்கும், பெரும்பாலும் ரோசின், பைன் மரத்துப் பிசின். சூடு பட்டதும் உலோகத்து மேல இருக்கற துருப்படலத்தை எடுத்துட்டு, ஈயத்தை ஒட்ட வைக்கறது அதோட வேலை. தெருவுல பாத்திரத்துக்கு ஈயம் பூச வருவாங்களே, அவங்க நவச்சாரம் தேய்ப்பாங்க. அதே வேலையை இங்க ரோசின் பண்ணுது. அயர்ன்ல இருந்து வெள்ளையா எழும்புற புகை அந்த ரோசின் புகைதான். "மரப் பிசின்தானே, இயற்கைதானே"ன்னு நினைச்சுடாதீங்க. வேலை காரணமா வர்ற ஆஸ்துமாவுக்கு நல்லாத் தெரிஞ்ச காரணங்கள்ல அது ஒண்ணு.

அது வேலை செய்யற விதம் கொஞ்சம் நயவஞ்சகம். மாசக்கணக்குல, வருஷக்கணக்குல ஒண்ணும் பண்ணாது. ஒரு கட்டத்துல சிலரோட உடம்பு அதை எதிரியாப் பதிவு பண்ணிக்கும். அதுக்கப்புறம் துளிப் புகை போதும், மூச்சுக்குழாய் சுருங்கும். பல பேருக்கு உடனே தெரியாது, சில மணி நேரம் கழிச்சு ராத்திரியிலதான் இழுக்கும். அதனால வேலைக்கும் இருமலுக்கும் சம்பந்தம் இருக்குன்னு அவங்களுக்கே தோணாது. லீவு நாள்ல குறையும். அதுதான் துப்பு.

இப்ப ஈயத்துக்கு வர்றேன், இங்கதான் பெரிய குழப்பம். "ஈயப் புகை"ன்னு சொல்றோம். ஆனா அந்தப் புகையில ஈயம் கிட்டத்தட்ட இல்ல. காரீயம் உருகறது 327 டிகிரி, கொதிச்சு ஆவியாக 1,700 டிகிரிக்கு மேல வேணும். நம்ம அயர்ன் முனை 350ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்தச் சூட்டுல காத்துல கலக்கற ஈயம் சொற்பம்.

அப்ப ஈயத்தால ஆபத்தே இல்லையா? இருக்கு. அது கை வழியா வாய்க்குப் போகுது. கம்பியைத் தொட்ட விரல்ல சாம்பல் நிறத்துல ஒரு பூச்சு ஒட்டும். அந்த விரலோட முறுக்கு எடுத்துச் சாப்பிட்டா நேரா வயித்துக்கு. சித்தப்பா மாதிரி கம்பியைப் பல்லுல கடிச்சா கேக்கவே வேண்டாம். வயித்துக்குள்ள போன ஈயத்தைப் பெரியவங்க உடம்பை விடக் குழந்தைங்க உடம்பு 4, 5 மடங்கு அதிகமா உறிஞ்சுக்கும். ரத்தத்துல இவ்வளவு வரைக்கும் இருந்தா பரவாயில்லைன்னு சொல்ல ஒரு பாதுகாப்பான அளவே தெரியாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பாதிப்பு முதல்ல மூளை வளர்ச்சியில, படிப்புல, கவனத்துல தெரியும். காய்ச்சல் மாதிரி வெளியில தெரியற அறிகுறி எதுவும் இல்லாமலே.

இங்க ஒரு சின்ன கிளைக்கதை. தமிழ்ல வெள்ளீயம், காரீயம்னு ரெண்டு ஈயம் உண்டு. ரசம் வைக்கற ஈயச் சொம்பு வெள்ளீயம், அதாவது டின். காலிச் சொம்பை அடுப்புல வெச்சா உருகிடும்னு பாட்டி திட்டுவாங்களே, காரணம் அது 232 டிகிரியிலயே உருகிடும். சால்டர் கம்பி இந்த ரெண்டும் கலந்தது. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் சேர்த்தா 183 டிகிரியிலயே உருகும், தனித்தனியா ரெண்டும் உருகறதை விடக் குறைஞ்ச சூட்டுல! இதை என் மகள்கிட்ட சொன்னப்ப, "அதெப்படிம்மா, ரெண்டையும் சேர்த்தா நடுவுலதானே வரணும்"னு சண்டைக்கு வந்தா. கரெக்டான சண்டை. (ஈயச் சொம்பு வாங்கறவங்க, காரீயம் கலக்காததான்னு நம்பிக்கையான இடத்துல பார்த்து வாங்குங்க. அது தனிப் பதிவு.)

லெட்-ஃப்ரீ சால்டர் கிடைக்குது. ஐரோப்பாவுல 2006ல இருந்து பெரும்பாலான எலக்ட்ரானிக்ஸ் சாமான்ல காரீயத்துக்குத் தடை. நம்ம நாட்டு மின்கழிவு விதிகளும் அதுக்குக் கட்டுப்பாடு வெச்சிருக்கு. ஆனா கடையில சால்டர்னு கேட்டா இன்னைக்கும் பெரும்பாலும் காரீயம் கலந்ததைத்தான் தர்றாங்க. வீட்டுல தவழ்ற குழந்தை இருந்தாலோ கர்ப்பிணி இருந்தாலோ லெட்-ஃப்ரீதான் வாங்கணும்னு கறாரா சொல்வேன். உருக இன்னும் சூடு வேணும், 217 டிகிரிக்கு மேல. அதனால கத்துக்கறவங்களுக்குக் கொஞ்சம் சிரமம். ஆனா "லெட்-ஃப்ரீ, அதனால புகை பரவாயில்ல"ன்னு நினைக்காதீங்க. ஃப்ளக்ஸ் அதுலயும் இருக்கு. சூடு கூடறதால புகை அதிகமாக் கூட வரும்.

சரி, எங்க வீட்டு மேஜைக்கு வாங்க.

சாப்பிடற மேஜை வேண்டாம்னு முதல்லயே சொல்லிட்டேன். பால்கனிப் பக்கம் ஜன்னலோரம் பழைய ஸ்டடி டேபிள். ஒரு சின்ன ஃபேன், காத்தை மூஞ்சி மேல அடிக்கற மாதிரி வைக்காம, புகையை இழுத்து ஜன்னல் வழியா வெளிய தள்ற மாதிரி. தலையை போர்டுக்கு நேர் மேல கொண்டு போகாம, கொஞ்சம் பக்கவாட்டுல. கண்ணுக்கு பிளாஸ்டிக் கண்ணாடி. இதைப் பார்த்து அவ சிரிச்சா. சால்டர் ஆனதும் ரெசிஸ்டரோட நீட்டிட்டு இருக்கற காலை கட்டர்ல நறுக்கறப்ப, அந்தத் துண்டு எந்தத் திசையில பறக்கும்னு யாருக்கும் தெரியாது. கண்ணுல கம்பித்துண்டு குத்தி வந்தவங்களை கேஷுவாலிட்டியில பார்த்தவ நான். நறுக்கறப்ப ஒரு விரலால அந்த நுனியைப் பிடிச்சுக்கோன்னு சொன்னேன். கண்ணாடியும் போட வெச்சேன்.

ஷாக்? போர்டுல ஓடறது 5 வோல்ட். அது ஒண்ணும் பண்ணாது. ஷாக் வர்ற வழி வேற. சூடான அயர்னை மேஜையில அப்படியே போட்டா, அதோட முனை அதோட ஒயர் மேலயே சாஞ்சு ரப்பரை உருக்கும். அந்த ஒயர்ல 230 வோல்ட். அதனால ஸ்டாண்டு இல்லாம அயர்ன் வாங்காதீங்க. எர்த் இருக்கற மூணு பின் பிளக்கா பார்த்து வாங்குங்க. கிட்டை விட அயர்னுக்கு ஒரு நூறு ரூபாய் கூடச் செலவு பண்ணுங்க.

சால்டர் பண்ற விதம் சொல்லித்தர பத்து நிமிஷம் போதும். அயர்ன் முனையை போர்டோட வட்டத்தையும் காலையும் ஒண்ணாத் தொடற மாதிரி வெச்சு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணணும். அப்புறம் கம்பியை அந்தச் சந்திப்புல கொடுக்கணும், அயர்ன் மேல தேய்க்கக் கூடாது. உருகி ஓடினதும் முதல்ல கம்பியை எடுக்கணும், அப்புறம் அயர்னை. நல்ல ஜாயின்ட் காலைச் சுத்திக் கூம்பு மாதிரி சரிஞ்சு இறங்கும். உருண்டையா சீடை மாதிரி மேல உட்கார்ந்திருந்தா ஒட்டலன்னு அர்த்தம். அவளோட முதல் அஞ்சும் சீடைதான். பத்தாவதுல இருந்து நான் வாயே திறக்கல.

குள்ளமானதை முதல்ல வைக்கணும், உயரமானதைக் கடைசியா. ரெசிஸ்டர்ல ஒரு தமாஷ் நடந்தது. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சுன்னா 10 கிலோ ஓம். பழுப்பு, கறுப்பு, சிவப்புன்னா 1 கிலோ ஓம். டியூப்லைட் வெளிச்சத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்துட்டோம். உங்க பையன் எத்தனை வெளிச்சத்துலயும் இந்த நிறங்களை மாத்தி மாத்திச் சொன்னா திட்டாதீங்க, கண் டாக்டர்கிட்ட ஒரு தடவை நிறப் பார்வை டெஸ்ட் பண்ணுங்க. பெண் குழந்தைகளை விட ஆண் குழந்தைகளுக்கு அந்தக் குறை அதிகம். பிளஸ் டூ முடிச்சு வேலைக்கு மெடிக்கல் போறப்பதான் பல பேருக்குத் தெரிய வருது.

கிரிஸ்டல் வைக்கறப்பதான் அது நடந்துச்சு. போர்டைத் திருப்பினா கிரிஸ்டல் கீழ விழுந்துடும்னு, அடியில விரலைக் கொடுத்துப் பிடிச்சுக்கிட்டே மேல சால்டர் பண்ணினா. அது தகர டப்பா. கால்ல வெச்ச சூடு டப்பா வரைக்கும் இறங்கிடுச்சு. "ஆ"ன்னு கையை உதறினா.

எங்க மாமியார் டூத்பேஸ்டோட ஓடி வந்தாங்க. பின்னாடியே வேலைக்கு வர்ற அக்கா, "இட்லி மாவு வைங்கம்மா, குளிர்ச்சி"ன்னாங்க. ஒரு டாக்டர் வீட்டு நிலைமை இதுதான்! பேனா மை, காபித்தூள், மஞ்சள், நெய், ஐஸ்கட்டி, எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து, ஓடற தண்ணியில விரலை 20 நிமிஷம் காட்டணும். ரெண்டு நிமிஷம் இல்ல, இருபது. மோதிரம், வளையல் இருந்தா வீங்கறதுக்கு முன்னாடியே கழட்டிடணும். கொப்புளம் வந்தா உடைக்கக் கூடாது. காசு அளவு பெரிசா ஆனாலோ, கொப்புளம் பெரிசா வந்தாலோ, முகத்துல கண்ணுல பட்டாலோ ஆஸ்பத்திரி. அவளுக்கு விரல் நுனி சிவந்ததோட சரி. தண்ணியில கையைக் காட்டிக்கிட்டே, "அயர்ன் ஆஃப் பண்ணியாச்சா?"ன்னு அவதான் கேட்டா. எங்க மூணு பேருக்கும் அது தோணல.

அடுத்த ஞாயிறு மீதியை முடிச்சு, ஐ.சி.யை சாக்கெட்ல அழுத்தி, 9 வோல்ட் பேட்டரியை மாட்டினா. பவர் லைட் எரிஞ்சது. சிமிட்ட வேண்டிய லைட் சிமிட்டல.

எனக்கு உள்ளுக்குள்ள பகீர்னுது. இன்னொரு டஸ்ட்பின்னான்னு. ஆனா இந்தத் தடவை அவ எழுந்து போகல. "அம்மா, நீ பேஷன்ட்டை எப்படிப் பாப்ப?"ன்னு கேட்டா. முதல்ல மூச்சு, நாடி, ரத்த ஓட்டம், அப்புறம்தான் மீதி எல்லாம்னு சொன்னேன். மல்டிமீட்டரை எடுத்தா. ஏழாம் கால்ல 5 வோல்ட் வருதா? வருது. எட்டாம் கால் கிரவுண்டா? ஆமா. முதல் கால், ரீசெட், அதுல 5 வோல்ட் இருக்கணும், இருக்கு. எல்லாம் நார்மல், பேஷன்ட் மட்டும் எழுந்திருக்கல. இப்படிப்பட்ட கேஸ் எங்களுக்கும் வரும். மயக்கம் போட்டு விழுந்தேம்பாங்க, இங்க வந்து ஈ.சி.ஜி. எடுத்தா அச்சு மாதிரி இருக்கும்.

சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டோம். போர்டைக் கேமராவுல ரெண்டு நிமிஷம் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார். "கிரிஸ்டலை பேனா மூடியால லேசா அழுத்து பாப்பா"ன்னார். அழுத்தினா. லைட் சிமிட்டிச்சு. எடுத்தா, நின்னுது. அழுத்தினா, சிமிட்டிச்சு. அவ போட்ட கூச்சல்ல கீழ் வீட்டுக்காரங்க மேல வந்துட்டாங்க.

டிரை சால்டர். மெக்கானிக்குங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை. உருகின ஈயம் இறுகற அந்த ஒரு நொடியில கால் அசைஞ்சா, ஒட்டின மாதிரி தெரியும், ஒட்டியிருக்காது. விரலை உதறினாளே, அந்த நொடிதான். கிரிஸ்டல்தான் சிப்புக்கு வினாடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் தடவை தாளம் போடறது. நம்ம இதயத்துல தாளம் போடற சைனஸ் நோடு மாதிரின்னு வெச்சுக்கோங்க. தாளம் நின்னா உடம்பு முழுக்க நல்லா இருந்தும் பிரயோஜனமில்ல. கொஞ்சம் ஃப்ளக்ஸ் வெச்சு மறுபடி அயர்னைக் காட்டினா, ரெண்டே நொடியில சரியாப் போச்சு.

என்னதான் 20 நிமிஷம் தண்ணியில காட்டினாலும், அந்த விரல் சூட்டையும் இந்த ஜாயின்டையும் அவ இனி மறக்க மாட்டா. இப்ப கிரிஸ்டலை செல்லோடேப் போட்டு ஒட்டிட்டுத்தான் திருப்பறா. நான் சொல்லித் தரல.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வார்த்தை. 2016ல தொடங்கின அடல் டிங்கரிங் லேப் திட்டத்துல நாடு முழுக்க 10,000க்கும் மேல பள்ளிகள்ல ஆய்வகம் வந்திருக்கு. ஒவ்வொண்ணுக்கும் 20 லட்சம் ரூபாய் வரைக்கும் உதவித்தொகை. நல்ல விஷயம். ஆனா நான் போய்ப் பார்த்த ஒரு லேப்ல சால்டரிங் அயர்னெல்லாம் கண்ணாடி அலமாரிக்குள்ள பூட்டி இருந்தது. "பிள்ளைங்க சூடு பட்டுக்குவாங்க மேடம்"ங்கறது பதில். இன்னொரு இடத்துல நேர் எதிர். ஏ.சி. ரூம், ஜன்னல் மூடியிருக்கு, முப்பது பிள்ளைங்க, பத்து அயர்ன், ரூம் முழுக்கப் புகை, பக்கத்து பெஞ்சுல டிபன் பாக்ஸ். அலமாரிப் பூட்டைத் திறங்க, ஜன்னலையும் திறங்க. ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்க. டிபன் பாக்ஸை வெளியில வைங்க. முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவ ஒரு குழாய் வேணும். சானிடைசர் ஈயத்தை எடுக்காது. மேஜையை ஈரத்துணியால துடைங்க, துடைப்பத்தால தட்டிப் பெருக்காதீங்க. வகுப்புல ஆஸ்துமா இருக்கற பிள்ளை யார்னு டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கணும். அவங்க இன்ஹேலர் பையில இருக்கணும். ஒதுக்கி உட்கார வைக்காதீங்க, ஃபேன் பக்கமா இடம் கொடுங்க. இழுப்பு வந்தா அன்னைக்கு நிறுத்திடுங்க.

இன்னொண்ணு, இது என் தூக்கத்தைக் கெடுக்கற விஷயம். கடிகார கிட்டுகள்ல காசு மாதிரி வட்டமா ஒரு பட்டன் பேட்டரி வரும். வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா அதைப் பூட்டி வைங்க. விழுங்கிட்டா உணவுக்குழாய்ல சிக்கிக்கிட்டு ரெண்டு மணி நேரத்துலயே சதையை அரிக்க ஆரம்பிச்சுடும். வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாழைப்பழம் கொடுத்துத் தள்ளப் பாக்காதீங்க, "மோஷன்ல வந்துடும்"னு காத்திருக்காதீங்க. நேரா எண்டோஸ்கோபி இருக்கற பெரிய ஆஸ்பத்திரி. இந்த மொத்தப் பதிவுல சால்டரிங் அயர்னை விட நான் பயப்படறது அதுக்குத்தான்.

கடைசியா, செல்போன் சர்வீஸ் கடை வெச்சிருக்கற தம்பிங்க, அங்க வேலை பாக்கறவங்க இதைப் படிச்சா: ஒரு ஞாயித்துக்கிழமை கிட் சால்டர் பண்ற பிள்ளைக்கும், நாள் முழுக்கப் புகையில உட்கார்ற உங்களுக்கும் கணக்கு வேற. உங்க இருமலோ இழுப்போ லீவு நாள்ல குறையுதான்னு ரெண்டு வாரம் ஒரு நோட்டுல குறிச்சுக்கோங்க. டாக்டர்கிட்ட போறப்ப அவர் கேக்கலன்னாலும், "நான் சால்டரிங் வேலை பாக்கறேன்"னு நீங்களே சொல்லிடுங்க. ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சு விலகினா நுரையீரல் பெருமளவு தேற வாய்ப்பு இருக்கு. இழுத்தடிச்சா அந்த வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே போகும்.

சித்தப்பாவுக்கு நாங்க கண்டுபிடிச்சப்ப லேட். அயர்னை அவரோட மச்சான் பையன்கிட்ட கொடுத்துட்டு, கடையில ரிமோட், செட்டாப் பாக்ஸ் விக்கற பக்கம் வந்து உட்கார்ந்துட்டார். ராத்திரி இழுப்பு நின்னுடுச்சு. ஆனா மாடிப்படி ஏறினா இன்னும் மூச்சு வாங்குது, காலையும் சாயங்காலமும் இன்ஹேலர். "முதல்லயே நீ டாக்டராகியிருக்கலாம்ல"ன்னு ஒரு தடவை கேட்டார், விளையாட்டாத்தான்.

அடுத்த மாசம் மகளுக்கு மறுபடி எக்ஸிபிஷன். வீட்டு மாடித் தண்ணித் தொட்டி நிரம்பினா கத்தற அலாரம் பண்றா. அதே அல்ட்ராசவுண்ட் சென்சார், அந்த டஸ்ட்பின்ல இருந்து கழட்டி எடுத்தது. தினமும் ராத்திரி சித்தப்பாவுக்கு வீடியோ கால். போனை எடுத்ததும் போர்டைக் காட்டுன்னு அவர் கேக்கறதில்ல.

"ஃபேன் ஓடுதா பாப்பா?"

"ஓடுது, சின்னத்தாத்தா."

"சரி, இப்ப காட்டு."